நான்கெல்லைக்குள் ஒரு பூட்டன்: வாசகர் கேள்வி – பதில்

முன்னோரின் வாழ்க்கையைத் தேடி எழுதுவது பற்றி மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தும் மலேசியாவிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. முதல் கடிதத்தோடு ஒரு பழைய பத்திரத்தின் நகலும் வந்திருப்பதால் அதற்கு இந்த இதழில் கூடுதலாக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா அவர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் மேலூர் வட்டத்தில் பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரு கிராமம். என் ஐயாவின் (தாத்தாவின்) அப்பாவைப் பற்றி, அதாவது என் பூட்டனைப் பற்றி, அறிய விரும்புகிறேன். அவர் தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவர் என்றும், இளவயதில் கண்டிச் சீமைக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பணத்தோடு திரும்பி வந்து நிலம் வாங்கினார் என்றும், ரயிலில் பாம்பன் பாலத்தைக் கடந்தபோது பயத்தில் கண்ணை மூடிக்கொண்டதைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லுவார் என்றும் என் அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். டிரங்குப் பெட்டியில் 1906ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தது. அதில் பூட்டன் பெயரையும், 1903 வாக்கில் பிறந்த என் ஐயாவின் பெயரையும் தவிர வேறு எதையும் எங்களால் படிக்க முடியவில்லை. பூட்டனின் அப்பா யார், உடன்பிறந்தார் உண்டா என்று சொல்ல இப்போது வீட்டில் யாரும் இல்லை. எங்கே தொடங்குவது?
(மேலூர் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: நீங்கள் தேடும் பெயர்களில் ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. பத்திரத்தின் மூன்றாம் வரியில் உங்கள் ஐயாவின் பெயர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 1906-இல் உங்கள் ஐயாவுக்கு மூன்று வயது. மூன்று வயதுப் பிள்ளையின் பெயர் கிரயப் பத்திரத்தில் வாங்குகிறவரின் பெயருக்கு முன்னால் வருவதற்கு ஒரு காரணமும் இல்லை. நகலை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அந்தப் பெயருக்கு அடுத்து 'குமாரர்' என்ற சொல் இருக்கிறது. அது கூட்டெழுத்தாக, புள்ளி வைக்காமல், காலும் ரகரமும் ஒரே கோடாக, முன்னும் பின்னும் இடைவெளி இல்லாமல் எழுதப்பட்டிருப்பதால் உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. அங்கே எழுதியிருப்பது உங்கள் ஐயாவின் பெயர் அன்று. உங்கள் ஐயாவுக்கு யாருடைய பெயரை வைத்தார்களோ அவருடைய பெயர். பாட்டனின் பெயரைத் தாங்குவதால்தான் பெயரன் என்றும், பேச்சில் பேரன் என்றும் சொல்கிறோம். உங்கள் பூட்டன் தன் அப்பாவின் பெயரைத் தன் மகனுக்கு வைத்திருக்கிறார். ஆகவே பூட்டனுக்கு அப்பன், உங்களுக்கு ஓட்டன், இனிப் பெயர் தெரியாதவர் அல்லர்.

இந்த வழக்கம் தேடுகிறவருக்குப் பெரிய துணை. அதே அளவுக்கு ஆபத்தும் ஆகும். அண்ணன் தம்பி இருவரும் தத்தம் மகனுக்குத் தம் அப்பன் பெயரையே வைப்பார்கள். ஒரே தெருவில், ஏறக்குறைய ஒரே வயதில், ஒரே பெயரோடு இரண்டு பிள்ளைகள் வளர்வார்கள். என் சொந்தத் தேடலில் நான் இதில் அகப்பட்டுக்கொண்டேன். என் பாட்டனார் என்று நினைத்து மூன்று ஆண்டுகள் அவருடைய சித்தப்பா மகனின் அடமானங்களையும் வழக்குகளையும் தேடித் தேடிக் குறித்துவைத்தேன். ஒரு பத்திரத்தில் 'பெண்சாதி' என்று வேறொரு பெண்ணின் பெயர் வந்த பிறகுதான் அவர் வேறு, இவர் வேறு என்று தெரிந்தது. அன்றிலிருந்து பெயரோடு அப்பன் பெயர், ஊர், மனைவி பெயர் ஆகிய மூன்றில் இரண்டேனும் ஒத்துப்போகாமல் எவரையும் என் குடும்பத்துக்குள் சேர்ப்பதில்லை.

இனி அந்தப் பத்திரத்தை முழுவதுமாகப் படிப்போம். முதல் வரியில் ௲௯௱௬ என்று இருப்பது 1906. ஆயிரத்துக்கு ஒரு குறி, ஒன்பதுக்கும் நூறுக்கும் ஒவ்வொரு குறி, பிறகு ஆறு. அதற்குப் பக்கத்தில் சுழித்து எழுதிய ௵ வருஷத்தையும், ௴ மாதத்தையும், ௳ நாளையும் குறிக்கும். 'பராபவ ஆனி' என்று தமிழ் வருஷத்தையும் எழுதியிருக்கிறார்கள். பராபவ வருஷம் 1906 சித்திரையில் பிறந்தது என்பதால் இரண்டும் பொருந்துகின்றன. கீழே அடிக்கடி வரும் ௸ என்பது 'மேற்படி'. இந்த ஐந்தாறு குறிகளை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், ஒரு வாரத்துக்குள் பழைய பத்திரம் உங்களுக்குப் படிக்க வந்துவிடும். எண்களைவிடக் கையெழுத்தே கடினம். தெரிந்த ஊர்ப்பெயரை முதலில் கண்டுபிடித்து, அந்த எழுத்தர் எந்த எழுத்தை எப்படி எழுதுகிறார் என்று பார்த்துக்கொண்டு அங்கிருந்து நகருங்கள்.

விற்றவர் அந்த நிலம் தமக்குப் 'பிதுரார்ஜிதமாக' வந்தது என்கிறார். தகப்பன் வழியில் வந்தது என்று பொருள். நிலத்தைப் 'பெரியாறு பாய்ச்சல் நஞ்சை' என்றும் சொல்லியிருக்கிறார். பெரியாற்று அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து வைகைப் பக்கம் வந்தது 1895-இல். அதற்கு முன் உங்கள் பக்கத்து நிலங்களில் பெரும்பகுதி வானம் பார்த்த புஞ்சை அல்லது கண்மாயை நம்பிய நஞ்சை. தண்ணீர் வந்து 11 ஆண்டுகளுக்குள் உங்கள் பூட்டன் அந்த நிலத்தை வாங்கியிருக்கிறார். பஞ்சத்தில் பிறந்து, பிழைக்கக் கடல் கடந்து போன ஒருவர், ஊருக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டுத் திரும்பியிருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகமே. உங்கள் குறிப்பில் எழுதினால் ஊகம் என்றே எழுதுங்கள்.

இந்தத் தாளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி நான்கெல்லை. பழைய பத்திரம் எதிலும், விற்கப்படும் நிலம் இன்னார் நிலத்துக்கு வடக்கு, இன்ன வாய்க்காலுக்குக் கிழக்கு என்று நாலாபுறமும் சொல்லியிருக்கும். நிலத்தை அடையாளம் காட்டுவதற்காக எழுதிய அந்தச் சில வரிகள், அன்றைக்கு உங்கள் பூட்டன் யாருக்கு நடுவில் வாழ்ந்தார் என்பதையும் காட்டிவிடுகின்றன. உங்கள் பத்திரத்தில் வடக்கே வண்டிப்பாதை, கிழக்கே வாய்க்கால், மேற்கே விற்றவருடைய மீதி நிலம். தெற்கே ஒருவருடைய பெயர் அவருடைய அப்பன் பெயரோடு எழுதப்பட்டிருக்கிறது. அந்த அப்பன் பெயரும் மூன்றாம் வரியில் நாம் பார்த்த பெயரும் ஒன்று. தெற்கெல்லைக்காரர் உங்கள் பூட்டனின் உடன்பிறந்தவராக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அண்ணன் நிலத்தை ஒட்டித் தம்பி நிலம் வாங்குவது நம் ஊர்களில் இன்றும் உள்ளதுதானே. ஆனால் நான் பட்ட பாட்டை மேலே சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு சான்றை மட்டும் வைத்து அவரை உறவாக்கிவிடாதீர்கள். அதை உறுதிசெய்ய இரண்டு இடங்கள் இருக்கின்றன.

ஒன்று சார்பதிவாளர் அலுவலகம். பத்திரத்தின் பின்பக்கத்தில் புத்தகம், தொகுதி, பக்கம், பத்திர எண் ஆகியவை எழுதப்பட்டிருக்கும். சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அட்டவணையில் ஒன்று ஆட்களின் பெயர் வரிசையிலும் மற்றொன்று சொத்தின் வரிசையிலும் இருக்கும். இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்துக்கு மனுக் கொடுத்துக் கையால் தேடச் சொல்ல வேண்டும். தேடும்போது பூட்டன் பெயரோடு நிறுத்தாமல் தெற்கெல்லைக்காரரின் பெயரையும் கொடுங்கள். அவர் எப்போதாவது பாகப்பிரிவினை எழுதியிருந்தால் அதில் உடன்பிறந்தார் அனைவரும் வரிசையாக வந்து நிற்பார்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். உங்கள் பூட்டன் வாங்கிய பத்திரத்தில் விற்றவருடைய கைநாட்டுத்தான் இருக்கும். பூட்டனுடைய கைநாட்டு வேண்டுமானால் அவர் விற்றதையோ, ஒத்தி வைத்ததையோ, அடமானம் எழுதியதையோ தேட வேண்டும். கடன்பட்ட காலத்துத் தாள்களில்தான் நம் முன்னோரின் விரல் பதிந்திருக்கிறது.

மற்றொன்று உங்கள் குலதெய்வக் கோயில். சிவராத்திரிக்கு யார் யாரோடு சேர்ந்து கும்பிடப் போகிறீர்கள், தலைக்கட்டு வரி யார் வசூலிக்கிறார் என்று கேளுங்கள். பூசாரி வீட்டிலோ பெரிய வீட்டிலோ தலைக்கட்டு வரி நோட்டு இருக்கும். பழையது செல்லரித்துப் போனால் அதைப் பார்த்துப் புதிது எழுதிவைப்பது வழக்கம் என்பதால், 1960-இல் எழுதிய நோட்டில்கூட அதற்கு இரண்டு தலைமுறை முந்தைய வரிசை இருப்பது உண்டு. தெற்கெல்லைக்காரரின் பிள்ளைகள் அதே சாமிக்கு, அதே வகையறாவில் வரி கொடுத்திருந்தால் அவர்கள் உங்கள் பங்காளிகள். அந்தக் கோயில் வேறோர் ஊரிலிருந்து பிடிமண் எடுத்துவந்து கட்டியதா என்பதையும் கேட்டுவிடுங்கள். அப்படியென்றால், தாய்க் கோயில் இருக்கும் ஊரில் உங்கள் வகையறாவின் முந்தைய கதை இருக்கிறது.

கடைசியாகப் பாம்பன் பாலம். அந்த ரயில் பாலம் திறக்கப்பட்டது 1914 பிப்ரவரியில். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். உங்கள் பூட்டன் கண்டியில் சம்பாதித்துத் திரும்பி 1906-இலேயே நிலம் வாங்கிவிட்டார். அவர் முதலில் போனது தோணியில் கடலைக் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்து போன காலமாக இருக்கலாம். அந்த நடையில் காலராவாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். அப்படியானால் ஒன்று, பூட்டன் 1914-க்குப் பிறகு இரண்டாம் முறையும் போயிருக்கிறார். அல்லது, பாலத்தில் கண்ணை மூடிக்கொண்டவர் வேறொருவர். தெற்கெல்லைக்காரர் வீட்டுப் பிள்ளையாகக்கூட இருக்கலாம். அப்பத்தா சொன்னது பொய் என்று தள்ளிவிடாதீர்கள். கேட்டதைக் கேட்டபடியே, 'அப்பத்தா சொன்னது' என்று தலைப்பிட்டு எழுதுங்கள். ரயிலும் கடலும் பயமும் உண்மையாகவே நடந்தவை. யாருக்கு நடந்தன என்பதுதான் தெரிய வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். அந்த டிரங்குப் பெட்டியின் அடியில் ஓட்டையிட்ட சிறு தகரத் துண்டு ஏதாவது கிடந்தால் தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்குத் தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த தகரத் துண்டுகள் கொடுக்கப்பட்டன. அப்படி ஒன்று கிடைத்துவிட்டால், பூட்டன் பெயர் தோட்டத்தின் செக்ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) ஏறிய இடத்தை நெருங்கிவிடலாம்.

கேள்வி: பழைய வருவாய்த் துறைத் தாள்களில் பசலி 1330 என்றெல்லாம் இருக்கிறது. பாட்டியோ 'ரௌத்திரி வருஷம்' என்கிறார். இவற்றை எப்படி ஆங்கில ஆண்டாக்குவது?
(திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: பசலியோடு 590-ஐக் கூட்டுங்கள். பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடியும். ஆகவே பசலி 1330 என்பது 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. ரௌத்திரி 1920 சித்திரையிலிருந்து 1921 பங்குனி வரை. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலம். தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால் வேறொரு துணை இல்லாமல் அதை நம்ப வேண்டாம். தாது என்றால் 1876-ஆ 1936-ஆ என்பதைக் கூடவே சொல்லப்படும் பஞ்சம்தான் தீர்மானிக்கும். முதியவர்களிடம் ஆண்டைக் கேட்பதைவிட 'விஷக் காய்ச்சல் வந்தபோது பிறந்துவிட்டாரா', 'வைகை அணை கட்டியபோது இருந்தாரா' என்று கேட்பது பலன் தரும். முன்னது 1918, பின்னதன் திறப்பு 1959.

கேள்வி: அப்பா வழியில் ஆறு தலைமுறை ஆண்களின் பெயர்களை எழுதிவிட்டோம். என் அப்பத்தாவின் அம்மா பெயரைக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. 'பெரிய வீட்டுக் கிழவி' என்கிறார்கள். பெண்களைத் தேடவே முடியாதா?
(உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: அம்மா, தேட முடியும். தேடும் இடம் வேறு, அவ்வளவுதான். பட்டாவிலும் வாரிசு வரிசையிலும் பெண்கள் பெயர் குறைவாக இருப்பதைப் பார்த்துவிட்டு எங்குமே இருக்காது என்று முடிவுகட்டிவிடுகிறோம். உங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த ஆவணம் மொய் நோட்டு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை என்று ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு நோட்டு. அதில் ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொகை. திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் அதை யாரும் எளிதில் தூக்கி எறிவதில்லை. பரணிலோ அரிசிப் பானைக்குப் பின்னாலோ துணியில் சுற்றி வைத்திருப்பார்கள்.

ஒருமுறை உசிலம்பட்டிக்கு அருகில் ஒரு வீட்டில் அப்படி ஒரு நோட்டைப் பார்க்கக் கொடுத்தார்கள். நீள வாட்டில் தைத்த கணக்கு நோட்டு. அட்டையில் மஞ்சள் தடவிய இடம் மட்டும் கறுத்துப் போயிருந்தது. முதல் பக்கம் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே தாய்மாமன். மற்ற பக்கங்களில் ஊர்வாரியாகப் பெயர்கள் நெருக்கமாக எழுதப்பட்டிருக்க, தாய்மாமனுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கத்தையும் விட்டு, ரொக்கம், ஆடு, அண்டா, சேலை என்று ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதியிருந்தார்கள். விசேஷ வீட்டுத் தாயின் பெயர் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. ஆனாலும் அவள் பிறந்த ஊர், அவள் அண்ணன் பெயர், அண்ணனின் அப்பன் பெயர் மூன்றும் அந்த ஒரு பக்கத்தில் இருந்தன. உங்கள் அப்பத்தாவின் காதுகுத்து அல்லது கல்யாண நோட்டு கிடைத்தால், தாய்மாமன் சீர் எழுதிய பக்கத்தில் இருப்பவர் நீங்கள் தேடும் கிழவியின் உடன்பிறந்தவர். அந்த ஊருக்குப் போய் அந்த வகையறாவில், 'இந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்த பெண் யார்' என்று கேளுங்கள். பெண் போன வீட்டார் அவள் பெயரை மறந்துவிட்டாலும் பிறந்த வீட்டார் மறந்திருக்க மாட்டார்கள். பல இடங்களில் அவள் பெயரை அண்ணன் தன் பேத்திக்கு வைத்திருப்பார்.

பத்திரங்களிலும் பெண்கள் இருக்கிறார்கள். மகளுக்கு மஞ்சக்காணியாக எழுதிக்கொடுத்த நிலம், கணவன் இறந்த பின் மைனர் பிள்ளைகளுக்குக் கார்டியனாக நின்று தாய் எழுதிய அடமானம், இவை இரண்டும் பெண்ணின் பெயர் தவறாமல் வரும் தாள்கள். 1937-இல் இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டம் வந்து, விதவைக்குக் கணவன் சொத்தில் அவள் ஆயுள் வரைக்கும் ஒரு பாத்தியதை கிடைத்த பிறகு இத்தகைய தாள்கள் கூடுகின்றன. கார்டியனாக வரும் தாயைப் பார்க்கும்போது அவளுக்குச் சாட்சி நிற்பவர் யார் என்று கவனியுங்கள். கணவன் வீட்டாரோடு மனத்தாங்கல் இருந்தால் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே அவள் எந்த நிலையில் அந்தப் பத்திரத்தை எழுதினாள் என்பது புரியும்.

இன்னும் ஒன்று. உங்கள் ஊரில் ஒப்பாரி பாடத் தெரிந்த வயதான பெண்கள் இருந்தால் அவர்களிடம் போய் உட்காருங்கள். பிறந்த வீட்டையும் அந்த ஊரையும் சொல்லி அழுவது ஒப்பாரியின் மரபு. ஒரு கிழவிக்காக யார் வந்து, எந்த ஊரைச் சொல்லி அழுதார்கள் என்பதை அவர்கள் 50 ஆண்டு கழித்தும் சொல்வார்கள். கேட்பதற்குத் தாமதிக்க வேண்டாம்.

கேள்வி: என் தாத்தா 1930-களில் மலாயா வந்தவர். அவருடைய தாளில் 'மதுரா ஜில்லா' என்றும், ஆங்கிலத்தில் 'புதுப்பட்டி' போல ஒலிக்கும் ஓர் ஊர்ப் பெயரும் உள்ளன. மதுரை மாவட்டத்தில் அந்த ஊரைத் தேடிக் களைத்துவிட்டேன்.
(மலேசியாவிலிருந்து ஒரு வாசகி)

பதில்: மதுரை மாவட்டம் என்று இன்று வரைபடத்தில் இருப்பதை மட்டும் பார்த்தால் கிடைக்காது. அன்றைய மதுரா ஜில்லாவில் இப்போதைய திண்டுக்கல், தேனி இரண்டும் அடங்கும். திண்டுக்கல் 1985-இலும் தேனி 1990-களிலும் பிரிந்தன. ராமநாதபுரமும் சிவகங்கையும்கூட 1910 வரை மதுரா ஜில்லாவாகவே இருந்தவை. ஜில்லா பிரிந்த பிறகும் பழக்கத்தில் மதுரை என்றே சொன்னவர்கள் உண்டு. புதுப்பட்டி என்ற பெயரில் இந்தப் பகுதி முழுவதும் ஊர்கள் இருக்கின்றன. தாளில் தாலுகா இருந்தால் அதுவே திறவுகோல். இல்லாவிட்டால் ஊரை விட்டுவிட்டு ஆட்களைப் பிடியுங்கள்.

கங்காணி முறையில் தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர் பெரும்பாலும் தம் சொந்த ஊரிலும் சுற்றுப்பட்டியிலும் போய்ச் சேர்த்தார். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழி ஆள் சேர்ப்பும் 1938-இல் முடிந்தது. உங்கள் தாத்தா அந்தக் கடைசிக் காலத்தில் வந்தவர். அவர் இருந்த தோட்டத்தில் பக்கத்து லயத்துக் குடும்பங்கள் எவை, அவர் கல்யாணத்துக்கு முன்னின்றவர் யார், தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அவரோடு சேர்ந்து வரி கொடுத்தவர்கள் யார் என்று கேளுங்கள். அவர்களில் ஒரு வீட்டாராவது இந்தியாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருப்பார்கள். அந்த உறையில் தாலுகாவும் தபால் ஊரும் இருக்கும். ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படிக்காதீர்கள். எழுதியவர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். அதை இங்குள்ள ஒருவரிடம் உரக்கச் சொல்லச் சொன்னால் 'புதுப்பட்டி' என்று நீங்கள் நினைப்பது 'பூதிப்பட்டி'யோ 'பொதும்பு'வோ என்று அவருக்குத் தட்டுப்படக்கூடும்.

கேள்வி: எங்கள் பூட்டன் பெயர் போலீஸ் ரேகைப் பதிவேட்டில் இருந்ததாக ஊரில் சொல்கிறார்கள். குடும்ப வரலாற்றில் இதை எழுத வேண்டாம், பிள்ளைகள் படித்தால் வருத்தப்படுவார்கள் என்று என் அண்ணன் சொல்கிறார். என்ன செய்வது?
(உசிலம்பட்டி வட்டத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: எழுதுங்கள். எழுதாமல் விட்டால்தான் பிள்ளைகள் பிறர் வாயிலாக அரைகுறையாகக் கேட்டு வருத்தப்படுவார்கள். அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறுவதற்கு உங்கள் பூட்டன் எதையும் செய்திருக்க வேண்டியதில்லை. குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, சில சாதிகளில் பிறந்த ஆண்கள் என்பதற்காகவே ஊர் ஊராகப் பெயர் எழுதிக் கைரேகை எடுத்தார்கள். ரேகை வைத்தவர்களில் பலர் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமானால் ராத்திரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பயிருக்குக் காவல் இருக்கவும், பெண்டாட்டி பிள்ளைகள் நோய்ப்பட்டுக் கிடக்கும்போது பக்கத்தில் இருக்கவும் முடியாத வாழ்க்கை அது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 1947-இல்.

உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். பூட்டன் பெயருக்கு நேரே 'ரேகைப் பதிவேட்டில் இருந்தவர்' என்று ஒரு வரி மட்டும் எழுதினால் படிக்கிறவர் அவரைத் தவறாக நினைப்பார். அந்த ஆண்டில் அவருக்கு என்ன வயது, எத்தனை குறுக்கம் நிலம் உழுதார், எத்தனை பிள்ளைகள், சாவடி வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சட்டத்தைச் செயல்படுத்திய அரசாணைகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உங்கள் ஊரின் பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு போய்த் தேடலாம். அவருடைய நிலத்துக்கு உங்கள் கிராமத்தின் அ-பதிவேடும் (கிராம நில விவரப் பதிவேடு) பழைய சர்வே எண்ணும் வேண்டும். பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை 1980-இல் ஒழிக்கப்பட்டபோது முன்சீப், கர்ணம் வீடுகளில் இருந்த கணக்குகள் கைமாறின. சில வந்து சேரவில்லை. ஆகவே கிராம நிர்வாக அலுவலரிடம் இல்லை என்றவுடன் திரும்பிவிடாமல் வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையிலும் கேளுங்கள். வாய்மொழியாக இல்லை என்று சொன்னால் தகவல் உரிமைச் சட்டப்படி மனுக் கொடுத்து எழுத்தில் வாங்குங்கள்.

சாவடிக்குப் படுக்கப் போகும் பாதையை உங்கள் ஊர்ப் பெரியவர் யாராவது காட்டுவார். வீட்டு வாசலிலிருந்து அந்த இடம் வரைக்கும் அண்ணனையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை நடந்து, எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துவிட்டு வந்து எழுதத் தொடங்குங்கள்.